நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? தேதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள். கணவன், மனைவி, ஆறு வயது மகள், அறுபதைத் தாண்டிய அம்மா, அப்பா. டிசம்பர் விடுமுறையில் ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள், குளிரைத் தாங்க முடியுமா, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவுக்கு அங்கே என்ன கிடைக்கும்? நான் நியூரம்பெர்க்குக்குப் பக்கத்தில் எர்லாங்கனில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது எங்கள் வீட்டில் டிசம்பர் தோறும் நடக்கும் வேலை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இந்த ஒரு சந்தையை வைத்தே சொல்கிறேன்.

ஊரைவிட முக்கியம் தேதி. தமிழ்நாட்டில் அரையாண்டு விடுமுறை ஏறக்குறைய டிசம்பர் 24-இல்தான் தொடங்கும். பலர் அதை வைத்து 25-ஆம் தேதி இங்கே வந்து இறங்குவதுபோல டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சந்தைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கானவை. நியூரம்பெர்க்கில் 24-ஆம் தேதி மதியம் 2 மணியோடு எல்லாம் முடிந்துவிடும். அன்று மாலை ஜெர்மானியர்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். பரிசு கொடுப்பதும் குடும்பச் சாப்பாடும் அன்றிரவுதான். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, கடைகள், சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும். பெரியவர்களையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்த நாளில் வந்து இறங்கினால், பால் வாங்கவே அலைய வேண்டிவரும்.

அப்படியானால் எப்போது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரக் காலத்துக்கு அட்வென்ட் என்று பெயர். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சந்தை திறக்கும். 2026-ஐ எடுத்துக்கொண்டால் நவம்பர் 27. என் யோசனை, திறந்த பிறகு வரும் முதல் திங்கள் முதல் வியாழன் வரை. அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்னொரு லாபம் கூட்டம். டிசம்பர் நடுவில் வரும் சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்கு மேல் அந்தச் சதுக்கத்தில் நடக்க முடியாது. கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். ஆறு வயதுக் குழந்தையின் கண் மட்டத்தில் கோட்டுகளின் முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு பருவத்தில் சுமார் 20 லட்சம் பேர் வந்து போகும் இடம் அது. முதல் வாரத்து வார நாட்களில் அதே சந்தையில் மூச்சுவிட இடம் இருக்கும்.

லீவு 24-க்குப் பிறகுதான் கிடைக்கும் என்றால் ஜெர்மனியை விட்டுவிட்டு ஆஸ்திரியாவுக்குப் போங்கள். சால்ஸ்பர்க் சந்தை ஜனவரி 1 வரை நடக்கிறது. வியன்னாவில் ஷோன்ப்ருன் அரண்மனை முன்னால் உள்ள சந்தை புத்தாண்டைத் தாண்டியும் தொடர்கிறது. பாதிக் கடை பிரித்துப்போட்ட சதுக்கத்தைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது விஷயம், ஒரே ஊரில் தங்குங்கள். எட்டு நாளில் ஃபிராங்க்ஃபர்ட், கொலோன், ஸ்ட்ராஸ்பர்க், நியூரம்பெர்க், முனிச் என்று ஓடும் திட்டங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பவர்கள் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவதிலேயே பகல் கழிந்துவிடும். டிசம்பரில் இங்கே பகல் என்பது எட்டு மணி நேரம்தான். மாலை நாலேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். இரண்டு நாள் தங்கி, ஒரே சந்தையைக் காலையில் ஒருமுறை, விளக்கு ஏற்றும் நேரத்தில் ஒருமுறை பார்ப்பதுதான் உண்மையில் பார்ப்பது. காலை 10 மணிக்குத் திறக்கும். அப்போது கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும், அம்மா நின்று நிதானமாக ஒவ்வொரு பொம்மையாகப் பார்க்கலாம். மாலை வேறு உலகம்.

நேர வித்தியாசம் இதில் உங்களுக்குச் சாதகம். இந்தியா இங்கிருந்து நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. வந்த முதல் சில நாட்கள் மகளுக்கு மாலை ஆறு, ஆறரைக்கே தூக்கம் சொக்கும். வேறு பயணங்களில் இது தொல்லை. இங்கே நாலேகாலுக்கு இருட்டி விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடுவதால், ஆறு மணிக்குள் எல்லாம் பார்த்து முடித்து அறைக்குத் திரும்பிவிடலாம். வார நாட்களில் கூட்டம் நெருக்குவதும் அதற்குப் பிறகுதான்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? ஹாப்ட்மார்க்ட் என்கிற பழைய சந்தைச் சதுக்கம். அதில் வரிசை வரிசையாகச் சுமார் 180 மரக்கடைகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரை. பிளாஸ்டிக் தோரணம் கட்டக் கூடாது, ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டுப் போடக் கூடாது என்று கடைக்காரர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் காதில் விழுவது மேடையில் பாடும் பள்ளிப் பாடகர் குழுவோ பித்தளைக் கருவி வாசிப்போதான். அழகாக அலங்கரித்த கடைக்கு ஒவ்வொரு வருடமும் பரிசும் தருகிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகள்தான் எனக்கு இந்தச் சந்தையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

இதன் பழமைக்குச் சான்றாக 1628-ஆம் ஆண்டின் ஒரு சிறு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. சந்தையில் வாங்கிப் பரிசாக அனுப்பியது என்று அதில் எழுதியிருக்கிறது. இன்று அது இதே ஊரின் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் மீண்டும் எழுப்பியவை. 1945 ஜனவரி 2-ஆம் தேதிக் குண்டுவீச்சில் பழைய நகரத்தில் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டமானது. மூன்றே வருடத்தில், 1948-இல், இடிபாடுகளுக்கு நடுவே சந்தையைத் திரும்ப நடத்தினார்கள். அதே சதுக்கத்துக்கு அதைவிடப் பழைய துயரமும் உண்டு. அது யூதக் குடியிருப்பாக இருந்த இடம். 1349-இல் நூற்றுக்கணக்கான யூதர்களைக் கொன்று, தொழுகைக் கூடத்தை இடித்து, அந்த இடத்தில்தான் இன்று நிற்கும் ஃப்ராவன்கிர்ஷ தேவாலயத்தைக் கட்டினார்கள். அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள். தெரிந்துகொண்டு நிற்க வேண்டிய இடம் அது.

அந்தத் தேவாலயத்தின் மாடத்திலிருந்துதான் திறப்பு நாள் மாலை ஐந்தரைக்குக் கிறிஸ்ட்கிண்ட் பேசுவார். கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லப்படும் தேவதை வேடத்தில் வரும் பெண் அவர். பொன்னிறச் சுருள்முடி, மேலே கிரீடம், வெள்ளையும் தங்கமுமான உடை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுக்குள் உள்ள ஒரு நியூரம்பெர்க் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019-இல் தேர்வான பெனிக்னா முன்சியின் அப்பா இந்தியாவில் பிறந்தவர். ஒரு வலதுசாரிக் கட்சியின் கிளை அவர் தோற்றத்தை இழித்து இணையத்தில் எழுதியபோது, ஊரே அவர் பக்கம் நின்றது. இங்கே வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வருடத் திறப்பு விழா மறக்க முடியாதது. திறப்பு நாளில் வர வேண்டுமா என்று கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன். இடம்பிடிக்க மணிக்கணக்கில் குளிரில் நிற்க வேண்டும். கிறிஸ்ட்கிண்ட் மற்ற வாரங்களிலும் சில நாட்கள் சந்தைக்கு வந்து குழந்தைகளோடு பேசுவார். நாளையும் நேரத்தையும் நகராட்சி அறிவிக்கும். அந்த நாளைப் பார்த்து வாருங்கள். மகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.

மகளுக்கு உண்மையான இடம் சற்றுத் தள்ளி, ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் இருக்கும் குழந்தைகள் சந்தை. பழைய பாணிக் குதிரை ராட்டினம், சின்ன ராட்சத ராட்டினம், நீராவி ரயில், தானே கைப்பட ஏதாவது செய்து பார்க்கும் கடைகள். காலை அங்கே தொடங்கி, மதியம் 12 மணிக்கு முன் ஹாப்ட்மார்க்ட்டுக்கு வந்துவிடுங்கள். சரியாக 12-க்கு ஃப்ராவன்கிர்ஷ கடிகாரத்தில், நடுவில் அமர்ந்திருக்கும் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி ஏழு பிரபுக்களின் பொம்மைகள் வலம் வரும். 1509-இல் செய்த கடிகாரம் அது. சதுக்கத்தின் ஓரத்தில் பொன் பூச்சோடு உயர்ந்து நிற்கும் நீரூற்றின் கம்பித் தடுப்பில் ஒரு வளையம் மாட்டியிருக்கும். அதைச் சுழற்றி ஏதாவது வேண்டிக்கொள்வது வழக்கம். மகளுக்குக் கை எட்டாது, நீங்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வருவதாக இருந்தால், ஒரு வியாழக்கிழமை மாலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த விளக்குகளை ஏந்திக் கோட்டை வரை ஊர்வலம் போவதைப் பார்க்கலாம். அதற்காகவே தேதியைத் தள்ளிவைத்தாலும் தப்பில்லை.

இனி சாப்பாடு. ஊரின் பெருமை விரல் நீளத்தில் இருக்கும் தொத்திறைச்சி. மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அது பன்றி இறைச்சி என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு என்று பார்த்தால், சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் இரண்டும் முட்டைகூடச் சேராதவை. காகிதக் கூம்பில் சூடாக வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டால் கைக்கும் இதம். உருளைக்கிழங்கு அடையை ஆப்பிள் மசியலோடு தருவார்கள், நம் வாய்க்குப் பிடிக்கும். ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸிலும் அப்படியே. பூண்டுச் சாறோடு வதக்கிய காளான் பெரும்பாலும் சைவம்தான். புளித்த முட்டைக்கோஸோடு வரும் உருளைக்கிழங்கு உருண்டையில் சில கடைகளில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைச் சேர்ப்பார்கள். ‘ஓன ஃப்லைஷ்?’ என்றால் இறைச்சி இல்லாமலா என்று பொருள், ‘ஓன ஐ?’ என்றால் முட்டை இல்லாமலா. இந்த இரண்டையும் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட சந்தையை நம்ப வேண்டாம். சமையலறை உள்ள அடுக்ககமாகப் பிடித்து, காலையும் இரவும் ரசம் சாதமோ உப்புமாவோ செய்துகொண்டால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

குடிக்க, மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின் எல்லா இடத்திலும் கிடைக்கும். இங்கே புளூபெர்ரியில் செய்வதும் பிரபலம். இரண்டிலும் மது உண்டு. குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ‘கிண்டர்புன்ஷ்’ என்று கேளுங்கள். பழச்சாற்றில் அதே மசாலாவைப் போட்டுக் காய்ச்சியது, மது இல்லை. பீங்கான் கோப்பையில் தருவார்கள், விலையோடு கோப்பைக்கு முன்பணமும் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். படமும் வருடமும் அச்சிட்ட கோப்பை பிடித்திருந்தால் பணத்தை விட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதைவிட மலிவான, நல்ல நினைவுப்பொருள் சந்தையில் வேறில்லை.

லெப்குகனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நியூரம்பெர்க்கின் மசாலா ரொட்டிக்கேக் அது; சுற்றியிருந்த பேரரசுக் காட்டில் தேன் கிடைத்தது, வணிகர்கள் வழியாக மசாலா வந்தது. அந்த மசாலா எங்கிருந்து வந்தது? ஏலமும் மிளகும் நம் மலையாளக் கரையிலிருந்து, பட்டை இலங்கையிலிருந்து, அரபு, வெனிஸ் வணிகர்களின் கைமாறி வந்து சேர்ந்தன. 1505-இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அதில் முதலீடு செய்தவர்களில் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் என்ற நியூரம்பெர்க் வணிகக் குடும்பங்களும் உண்டு. எலீசன்லெப்குகன் என்ற உயர்ந்த வகையில் குறைந்தது கால் பங்கு பாதாம், ஹேசல், வால்நட் பருப்புகள் இருக்க வேண்டும், மாவு பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வட்டமாக, அடியில் காகிதம்போல மெல்லிய வெள்ளை அப்பளத்தின்மேல் வைத்துச் சுட்டிருப்பார்கள். அதையும் சேர்த்தே தின்ன வேண்டும். வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். பிட்டதும் முதலில் வருவது ஆரஞ்சுத் தோலின் வாசம், பின்னாலேயே ஏலமும் கிராம்பும். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று மறுபடி முகர்ந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். இதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. முட்டை சேராத வகையும் சில கடைகளில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். தகர டப்பாவில் வாங்கினால் வாரக்கணக்கில் கெடாது, சென்னைக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

வாங்க வேண்டிய வேறு பொருள்களில் இந்த ஊருக்கே உரியது உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்யும் குட்டி மனிதர்கள். சுருங்கிய கருப்புப் பழம்தான் கையும் காலும்; தலைக்கு ஒரு வால்நட், அதில் தீட்டிய முகம்; மேலே தைத்த துணி உடை. மீனவர், பாட்டி, மருத்துவர் என்று நூறு விதம். தங்கத்தாளில் மடிப்பு மடிப்பாகப் பாவாடை கட்டிய தேவதை இன்னொன்று. மரப் பொம்மைகள் வாங்கினால் எர்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் செய்ததா என்று அடியில் பார்த்து வாங்குங்கள். நகராட்சிக் கட்டடத்தை ஒட்டி, நியூரம்பெர்க்கோடு நட்புறவு கொண்ட வெளிநாட்டு நகரங்களின் கடைகளும் உண்டு. அங்கே கூட்டம் குறைவு.

குளிருக்கு வருவோம். டிசம்பரில் வெப்பம் பெரும்பாலும் சுழியிலிருந்து ஐந்து டிகிரி வரை. பனி பெய்யும் என்று மகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், தூறல்தான் அதிகம். குளிர் உடம்பைவிடப் பாதத்தில்தான் ஏறும். கருங்கல் பாவிய தரையில் ஒரு மணி நேரம் நின்றால் மெல்லிய அடி வைத்த ஷூ வழியாகச் சில்லிப்பு முழங்கால் வரை வரும், அதற்குப் பிறகு எந்தக் கோட்டும் உதவாது. அதனால் கோட்டுக்குச் செலவழிப்பதைவிடத் தடித்த அடியுள்ள, தண்ணீர் புகாத ஷூவுக்குச் செலவழியுங்கள். கம்பளிக் காலுறை போட இடம் இருக்கும்படி ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் தடையில்லை: உள்ளே தெர்மல் சட்டையும் காலுடையும், புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டி, கீழே பூட்ஸ், மேலே முழங்காலைத் தாண்டும் கோட்டு. புடவை நுனி ஈரத்தில் இழுபடாமல் இருந்தால் போதும். காதை மூடும் தொப்பி, கையுறை, உதட்டுக்குத் தடவ ஏதாவது, எல்லாருக்கும் கட்டாயம். முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது காபிக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். கழிப்பறைக் கவலையும் அதோடு தீரும். பொதுக் கழிப்பறைகளுக்குச் சில்லறை வேண்டும். சந்தையில் பல கடைகள் ரொக்கம்தான் கேட்கும் என்பதால் ஐந்து, பத்து யூரோ தாள்களும் நாணயங்களும் வைத்திருங்கள்.

கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்தானது, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கீழே தேவாலயத்திலோ கடையிலோ உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் போய் வாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அம்மா கேட்பார். 2016-இல் பெர்லினிலும் 2024-இல் மக்டெபர்க்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டிவந்து உயிர்களைப் பறித்தார்கள். அதன் பிறகு எல்லா ஊரிலும் தடுப்புகளும் காவலும் அதிகம். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிடுங்கள். பெரிய பையோடு போகவே வேண்டாம். மகளின் கோட்டுப் பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

வருகிற வழி எளிது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. விமான நிலையத்துக்குள்ளேயே உள்ள ரயில் நிலையத்திலிருந்து நியூரம்பெர்க்குக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி. முனிச்சிலிருந்து என்றால் ஒன்றேகால் மணி. ரயில்கள் தாமதமாவது சகஜம், விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் நிறைய இடைவெளி விடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து சந்தை கால்மணி நடை. நடக்க முடியாதவர்கள் மெட்ரோவில் ஒரே நிறுத்தம், லோரென்ஸ்கிர்ஷவில் இறங்கலாம். விடுதி விலை அட்வென்ட் வார இறுதிகளில் எகிறும். பக்கத்து ஃபுர்த்திலோ எர்லாங்கனிலோ தங்கினால் குறையும்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் பாம்பெர்க் போய் வாருங்கள். முக்கால் மணி ரயில் பயணம், ஊர் முழுக்கத் தேவாலயங்களில் குடில்கள் வைத்திருப்பார்கள், பார்த்துக்கொண்டே நடக்கலாம். ரோத்தன்பர்க் என்ற பழைய ஊரும் உண்டு, படங்களில் பார்த்தது போலவே இருக்கும், ஆனால் இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். பெரியவர்களோடு நான் பாம்பெர்க்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஐந்து பேருக்கும் சேர்த்து பவேரிய மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட் ஒன்று போதும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், ஐசிஇ எனப்படும் அதிவேக ரயிலில் செல்லாது.

கடைசியாக விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஐந்து பேருக்கும் தலா குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். நவம்பர் கடைசியில் வருவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே நேர்காணல் நாளைப் பிடித்துவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைப்பது கடினம். வீட்டில் எல்லார் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.